ஈர மண்ணில் வாடிய கன்றுகள்

ஐந்தாம் லைன், ரிங்லெட்
12 ஏப்ரல் 2025

தம்பி சுகுமாரனுக்கு,

நீ நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை போனில் கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் குறுக்கே விழுந்து, "அக்கா, நெசமாவே தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டாய். துரை கேட்டார், பொறுத்துக்கொண்டேன். அவர் இந்த எஸ்டேட்டுக்கு மேனேஜராக வந்து ஏழு மாதம்தான் ஆகிறது, என்னைத் தெரியாது. ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி யோகேந்திரன் கேட்டான், பல்லைக் கடித்துக்கொண்டேன். என் கையால் சோறு தின்று வளர்ந்த நீயும் அதையே கேட்டபோதுதான் போனை வைத்தேன். இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பேசாமல் கேள். எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் யாருக்கும் வேலை கிடையாது. ஆனால் என் நர்சரியில் ஆறாயிரம் கறுப்புப் பை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து மாதத் தேயிலைக் கன்று. மேலே பிளாஸ்டிக் கூரை போட்டிருப்பதால் மழை உள்ளே விழாது. நான் ஊற்றினால்தான் அதுகளுக்குத் தண்ணீர். அதனால் திருவிழா மூன்று நாளும் காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் போய் ரப்பர் குழாயைப் பிடித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். இருபத்திரண்டு வருடமாக என் திருவிழா அப்படித்தான்.

சனிக்கிழமை காலை இலைகள் துவண்டு கிடந்தன. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் கூடவே ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை இலை ஓரமெல்லாம் கருகித் தலை தொங்கிவிட்டது. திங்கட்கிழமை காலையில் துரை வந்து நின்றார்.

"மூணு நாளா தண்ணியே காட்டலயா நீங்க?"

ஊற்றினேன் என்றேன். அவர் போனை எடுத்து, கோயில் பேஸ்புக்கில் யாரோ போட்ட படத்தைக் காட்டினார். நான் மஞ்சள் சேலை கட்டிப் பால்குடத்தோடு நிற்கிறேன். "கோயில்ல இருந்தவங்க நர்சரியில எப்படி இருந்திருப்பீங்க?" என்றார். பால்குடம் பத்து மணிக்கு, தண்ணீர் ஆறு மணிக்கு. இது ஒரு கணக்கா? சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

"மண்ணத் தொட்டுப் பாருங்க தொரை, ஈரமா இருக்கு" என்றேன். அவர் தொடவில்லை. சப்பாத்தில் சேறு படும் என்று வாசலைத் தாண்டி உள்ளேயே வரவில்லை.

மத்தியானம் வார்னிங் லெட்டர் வந்தது. மூன்று நாள் கடமை தவறியதால் கன்றுகள் செத்தன என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் நான் ஒப்புக்கொண்டதாக ஆகும், நர்சரியைவிட்டு அனுப்பிவிடுவார்கள். போடாவிட்டால் மே இருபத்தெட்டு ஆபீசில் விசாரணை. நான் போடவில்லை. செத்தாலும் போட மாட்டேன்.

நீ பாரம் நாலு, பாரம் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். ஈர மண்ணில் நிற்கிற கன்று எப்படி வாடும்? அதை மட்டும் எழுது. வேறு எதையும் கேட்காதே.

அம்சவல்லி


பெலாகா, சரவாக்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் படகில் வந்தது. உங்கள் கோபத்தை மூன்று முறை படித்தேன். என் பங்குக்கு எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. போனில் நான் ஒரு கேள்வி கேட்டேன். வாத்தியார் எல்லாரிடமும் முதலில் கேட்கிற கேள்விதான் அது. அதற்கு இப்படியா? உங்கள் மகள் அமுதா கல்யாணத்துக்கு நான் வரமுடியாமல் போனது ஆற்றில் வெள்ளம் என்பதால். நீங்கள் ஐந்தாம் லைன் முழுக்க, "வாத்தியாருக்கு லைன் வீடு நாறுது போல" என்று சொன்னதாக எனக்குத் தெரியும். அதற்கு நான் போனை வைத்தேனா?

சரி, அது இருக்கட்டும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

இலை எப்படி விறைப்பாக நிற்கிறது? அதற்கு எலும்பு கிடையாது. இலை முழுக்கச் சின்னச் சின்ன செல்கள். ஒவ்வொன்றும் ஓர் அறை. வெளியே கெட்டியான செல்சுவர். அந்தச் சுவரை ஒட்டி உள்பக்கம் மிக மெல்லிய தோல் ஒன்று, அதன் பெயர் செல்சவ்வு. நடுவில் உட்கருவையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெரிய நீர்ப்பை ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தப் பை நிறையத் தண்ணீர் இருந்தால் அது சுவரை உள்ளிருந்து அழுத்தும். ஆயிரக்கணக்கான அறைகள் இப்படி அழுத்துவதால்தான் இலை நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீர் வெளியே போய்விட்டால் துவளும்.

அப்படியானால் உங்கள் கன்றுகளில் தண்ணீர் வெளியே போயிருக்கிறது, அல்லது உள்ளே வரமுடியாமல் இருந்திருக்கிறது. மண் ஈரமாக இருந்தும் அப்படி நடந்தால் இரண்டு காரணம் சொல்லலாம். வேர் அழுகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஈரத்தில் தண்ணீரைத் தவிர வேறு ஏதோ கலந்திருக்க வேண்டும்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒன்று கேட்கிறேன். வேரைப் பிடுங்கிப் பார்த்தீர்களா? திருவிழாவுக்கு முன்னால் தண்ணீரைத் தவிர வேறு என்ன ஊற்றினீர்கள்?

உங்கள் தம்பி,
சுகுமாரன்


ஐந்தாம் லைன், ரிங்லெட்
1 மே 2025

சுகுமாரன் வாத்தியாருக்கு,

வேரைப் பார்த்தேன். அழுகவில்லை. அழுகின வேர் கையில் கொழகொழவென்று வரும், நாற்றமடிக்கும். இது காய்ந்த நூல் மாதிரி பழுப்பாக இருக்கிறது. இதையெல்லாம் படகில் வருகிற கடிதம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறு என்ன ஊற்றினேன் என்று கேட்கிறாய். விஷம் ஊற்றினேன் என்று எழுதட்டுமா? உனக்குத் திருப்தியா? வியாழக்கிழமை உரம் ஊற்றினேன். எல்லா நர்சரியிலும் ஊற்றுகிற உரம்தான், தண்ணீரில் கரைக்கிற நீல உரம். அது கன்றுக்குச் சோறு. திருவிழாவுக்குப் போகிறோமே, பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்று சோறு போட்டுவிட்டுப் போனவளைப் பார்த்து என்ன கலந்தாய் என்று கேட்கிறாய். துரை சோம்பேறி என்றார். நீ என்னைக் கொலைகாரி ஆக்கிவிட்டாய். அவரே தேவலை.

லைன் முழுக்க நான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாயே, ஆமாம், சொன்னேன். பெண்ணைத் தாரைவார்க்கும்போது தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாருமில்லாமல் நான் நின்றேன். வெள்ளம் எனக்குத் தெரியுமா? ஒரு தடவை நீ வந்து சொன்னாயா?

இங்கே நிலைமையைக் கேள். காலையில் பெரட்டுக்குப் போய் நின்றால் பெயர் கூப்பிடும்போது சிரிக்கிறார்கள். கூடவே வேலை செய்கிற ருக்குமணி நான் பக்கத்தில் போனால் குனிந்து பையில் புல் பிடுங்குகிறாள். யோகேந்திரன் கிராணி இரண்டு தடவை வீட்டுக்கே வந்துவிட்டான். "சும்மா ஒரு சைன் போட்டுருங்க லா அக்கா. மலையில கொழுந்து பறிக்க அனுப்புவாங்க, அவ்வளவுதான். விசாரணை அது இதுன்னு போனா எல்லாருக்கும் தலவலி" என்கிறான். எல்லாருக்கும் ஏன் தலைவலி? வேலையில் தவறியது நான் என்றால் எனக்கு மட்டும்தானே வரவேண்டும்?

மிஞ்சின கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற இன்னும் என்னைத்தான் விட்டிருக்கிறார்கள். விசாரணை முடிகிறவரைக்கும். அது உனக்கு வேடிக்கையாக இருக்கலாம், எனக்கு இல்லை.

அம்சவல்லி


பெலாகா, சரவாக்
10 மே 2025

அக்கா,

தாய்மாமன் இடத்தில் நான் வந்து நிற்காதது தப்புதான். அதை ஒத்துக்கொள்கிறேன். இப்போது கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து இந்தக் கடிதத்தைப் படியுங்கள், இதில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

எங்கள் பள்ளியில் நல்ல நுண்நோக்கி ஒன்றே ஒன்றுதான். அதில் புதன்கிழமை வெங்காயத் தோலை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். முதலில் வெறும் தண்ணீர். அறைகள் நிறைந்து, செங்கல் அடுக்கியது போல ஒழுங்காக இருந்தன. பிறகு ஒரு சொட்டு உப்புத்தண்ணீர். ஒரே நிமிடத்தில் உள்ளே இருந்த சவ்வு சுவரைவிட்டு விலகிச் சுருங்கிக்கொண்டு நடுவில் போய் ஒடுங்கியது. அறைச் சுவர் அப்படியே நின்றது. உள்ளே ஆள் பாதியாகிவிட்டார். எங்கும் தண்ணீர் இருந்தது அக்கா, அந்தச் செல்லைச் சுற்றி நாலு பக்கமும். ஆனாலும் அது வாடியது.

ஏனென்றால் அந்தச் சவ்வு தண்ணீரைத் தடுக்காது, இரண்டு பக்கமும் போகவிடும். உப்பையும் உரத்தையும் அப்படி விடாது. அப்போது தண்ணீர், கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போகும். யாரும் தள்ள வேண்டியதில்லை. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். மண்ணில் கொஞ்சமாக உரம் இருந்தால் வேருக்குள்தான் கரைசல் அடர்த்தி, தண்ணீர் உள்ளே வரும். மண்ணில் உரம் அளவுக்கு மேல் போனால் திசை மாறிவிடும். வேரிலிருந்து தண்ணீர் மண்ணுக்குப் போகும்.

உரத்தைச் சோறு என்கிறீர்கள், சரிதான். ஆனால் அந்தச் சோறு சவ்வில் இருக்கிற குறிப்பிட்ட வாசல்கள் வழியாக மட்டுமே உள்ளே போகும். அந்த வாசலைத் திறந்து உரத்தை இழுக்க, செடி தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் முடியும். வெளியே எவ்வளவு கொட்டினாலும் வேகமாகச் சாப்பிடாது. மிச்சம் வெளியே நின்று தண்ணீரை உறிஞ்சும்.

நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அளவைக் கேட்கிறேன். டிரம்முக்கு எத்தனை டின் கரைத்தீர்கள்? வழக்கமாக எத்தனை? இன்னொன்று, மிஞ்சின கன்றுகள் எந்த வரிசையில் இருக்கின்றன? அங்கங்கே சிதறிக் கிடக்கின்றனவா, ஒரே இடத்திலா?

இது கைக்கு வந்ததும் மிஞ்சின பைகளுக்கு வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி, பையின் அடி ஓட்டை வழியாக வடியவிடுங்கள். காய்ந்து போனவற்றுக்கு இனி ஒன்றும் செய்யமுடியாது.

சுகுமாரன்


ஐந்தாம் லைன், ரிங்லெட்
18 மே 2025

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுருட்டி அரிசி டின்னுக்கு மேல் வைத்துவிட்டேன். சவ்வாம், வாசலாம், இவன் யார் என் கன்றைப் பற்றிச் சொல்ல என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிறு. வெள்ளரிக்காய்ப் பச்சடிக்குக் காயை நறுக்கி உப்புப் போட்டுவிட்டுத் தேங்காய் வாங்கக் கடைக்குப் போனேன். அங்கே பேச்சு இழுத்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் காய் துவண்டு துணி மாதிரி கிடக்கிறது, கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது. நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அந்தத் தண்ணீர் முழுக்கக் காய்க்குள்ளிருந்து வந்தது. முப்பது வருடமாகப் பச்சடி செய்கிறேன், தினம் பார்க்கிற காரியம். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஐந்து டின், சுகுமாரா. ஒரு டிரம்முக்கு ஐந்து.

வழக்கமாக வாரத்துக்கு ஒரு தடவை, டிரம்முக்குச் சூசு டின்னால், அந்தக் காலிப் பால் டின்னால், ஒரு டின். இந்த வருடம் பிப்ரவரி கடைசியிலிருந்து ஸ்டோரில் உரம் இல்லை. ஐந்து வாரம் ஒரு மணி உரம்கூட வரவில்லை. திருவிழாவுக்கு முதல் நாள்தான் மூட்டை வந்தது. திருவிழா முடிந்த மறுவாரம் ஹெட் ஆபீசிலிருந்து ஆள் வந்து, வாராவாரம் உரம் ஊற்றியதைக் குறிக்கிற நர்சரி சார்ட்டைப் பார்ப்பதாக இருந்தது. சார்ட்டில் ஐந்து கட்டம் காலி. யோகேந்திரன் வந்து, "பாக்கி உரத்த ஒண்ணாச் சேத்து இன்னைக்கே ஊத்திருங்க அக்கா. அஞ்சு வாரத்துக்கும் தேதி நான் போட்டுக்கிறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான். ருக்குமணி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வாரம் பட்டினி கிடந்த பிள்ளைகள், திருவிழா வேறு, நல்லாச் சாப்பிடட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆசை ஆசையாகக் கரைத்து ஊற்றினேன். ஐந்து கட்டத்திலும் கையெழுத்தும் போட்டேன். வாராவாரம் ஒரு டின் ஊற்றியதாக.

இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று மறைக்கவில்லை. ஆனால் வேறு என்ன ஊற்றினீர்கள் என்று நீ கேட்டதும் எனக்கு எரிந்ததே, அது ஏன் என்று இப்போது தெரிகிறது. பொய்க் கையெழுத்துப் போட்ட கை என்னுடையது. அந்த இடத்தில் யார் தொட்டாலும் வலிக்கும்.

இப்போது யோகேந்திரனிடம் போய்க் கேட்டேன். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்? சார்ட்டப் பாருங்க, வாரத்துக்கு ஒரு டின்னுன்னு நீங்களே சைன் பண்ணிருக்கீங்க" என்கிறான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இவன் தங்கச்சி பிரசவத்துக்குத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் துணைக்கு இருந்தவள் நான். எல்லாருக்கும் தலைவலி என்றானே, யாருக்கு என்று இப்போது புரிகிறது.

மிஞ்சினது எந்த வரிசை என்று கேட்டாய். ஆயிரத்து நூற்று நாற்பது கன்று, எல்லாம் ஒரே இடம். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பாத்திகள். அங்கே குழாய் மூட்டு ஒழுகுகிறது, மாற்றித் தரச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்கிறேன். நான் ஒவ்வொரு வேளையும் ஊற்ற ஆரம்பிப்பதும் அங்கேதான், முடித்துவிட்டுக் குழாயை வைப்பதும் அங்கேதான். அதிகத் தண்ணீர் குடித்த இடம் அது. நீ சொன்ன மாதிரி வடியவிட்டேன். அதற்கு முன்பே புதுத் துளிர் எடுக்க ஆரம்பித்திருந்தது.

அம்சவல்லி


பெலாகா, சரவாக்
23 மே 2025

அக்கா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், விசாரணைக்கு முன் வந்துவிட வேண்டும்.

நீங்கள் எழுதியதில் நீங்களே கவனிக்காத ஒன்று இருக்கிறது. தண்ணீர் நிறைய விழுந்த இடத்தில்தான் கன்று பிழைத்திருக்கிறது. நீங்கள் மூன்று நாளும் ஊற்றாமல் இருந்திருந்தால் அந்த உரத்தை எதுவும் கரைத்துக் கீழே இறக்கியிருக்காது. ஆறாயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. அந்த ஆயிரத்து நூற்று நாற்பது கன்றும் உங்களுக்குச் சாட்சி.

ஸ்டோரில் உரமில்லாமல் விட்டவர்கள் யாரோ, சார்ட்டை நிரப்பச் சொன்னவன் யாரோ, பெரட்டில் தலைகுனிந்து நிற்பது நீங்கள். இதைக் கேட்டுவிட்டு நான் இங்கே வெங்காயத் தோல் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். கையெழுத்து விஷயத்தை நீங்களாக வாய்விட்டுச் சொல்லாதீர்கள். உரம் அதிகமானதால் வாடியது என்பதை மட்டும் காட்டினால் போதும். பொய்க் கையெழுத்து என்று நீங்களே சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு இன்னும் ஆறு வருட வேலை இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. தெரியாத ஒருவரிடம் கேட்கிற கேள்வியை உங்களிடம் கேட்டுவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

சுகுமாரன்


ஐந்தாம் லைன், ரிங்லெட்
8 ஜூன் 2025

அன்புத் தம்பி சுகுமாரனுக்கு,

நீ நலமா? இந்தத் தடவை கேட்கிறேன்.

விசாரணைக்கு முதல் நாள் உன் கடிதம் வந்தது. உன் கடிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. படித்துக்காட்டினால் தம்பி எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்பார்கள். பதிலாகக் குழாயடிப் பாத்தியிலிருந்து நல்ல கன்று இரண்டை எடுத்துக்கொண்டு போனேன். அதில் ஒன்றைக் கொல்லப் போகிறேன் என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

ஆபீஸ் மேசையில் துரை, பக்கத்தில் யோகேந்திரன். நான் இரண்டு கன்றையும் துரையின் ஜன்னல் ஓரமாக வைத்தேன். "தொரை, இந்த ரெண்டையும் நான் தொட மாட்டேன். நீங்களே ஊத்துங்க. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. இந்தக் கன்னுக்கு வெறும் தண்ணி. அந்தக் கன்னுக்கு இன்னைக்கு ஒரு தடவ மட்டும் இந்த வாளியில இருக்கறத ஊத்திட்டு, அப்புறம் அதுக்கும் வெறும் தண்ணி. அஞ்சு நாள் கழிச்சு என்னக் கூப்பிடுங்க" என்றேன். வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், கால் டின் உரம். இருநூறு லிட்டர் டிரம்முக்கு ஐந்து டின் என்றால் பத்து லிட்டருக்குக் கால் டின். இந்தக் கணக்கு எனக்கு வரும்.

யோகேந்திரன், "இதெல்லாம் என்னா விளையாட்டு லா, விசாரணைய நடத்துவோம் துரை" என்றான். துரை என்ன நினைத்தாரோ, ஐந்து நாள் தள்ளிவைத்தார். படித்த பிள்ளைதானே, செய்துபார்க்கலாம் என்று தோன்றியிருக்கும்.

ஜூன் இரண்டாம் தேதி கூப்பிட்டார்கள். ஒரு கன்று பச்சையாக நின்றது. இன்னொன்று தலை தொங்கி, இலை ஓரம் கருகி, நான் ஏப்ரல் ஆறாம் தேதி பார்த்த மாதிரியே இருந்தது. அடியில் வைத்திருந்த தட்டில் தண்ணீர் நின்றது. துரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டேன். "தொரை, நெசமாவே தண்ணி ஊத்துனீங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஊத்தினேன். ரெண்டு வேளையும் நான்தான் ஊத்தினேன்" என்றார், எனக்கு வந்த அதே கோபத்தோடு.

"நானும்தான் தொரை" என்றேன்.

பிறகு துரை கையை நீட்டி அந்தப் பையின் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்துத் தொட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. வார்னிங் லெட்டரைக் கிழித்துப் போட்டார். பிறகு இதமாகப் பேசினார். "ஹெட் ஆபீசுக்கு நோய்னு எழுதிருவோம். வேர் நோய். யார் மேலயும் தப்பில்ல, உங்களுக்கும் பிரச்சினை இல்ல, யோகேந்திரனுக்கும் இல்ல." யோகேந்திரன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் வாயிலும் சரி என்கிற வார்த்தை வந்துவிட்டது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். நீயும் அதைத்தானே சொன்னாய்.

அப்போது துரை, "மிஞ்சினத மட்டும் எரிக்கணும். நோய்னு எழுதினா ஒரு பைகூட வச்சிருக்கக் கூடாது" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என்ன நோய்? எந்தக் கன்றுக்கு நோய்? உப்பு மண்ணில் கிடந்து, இருக்கிற தண்ணீரையெல்லாம் விட்டுக்கொடுத்து, அப்படியும் பிடித்துக்கொண்டு துளிர் விட்டிருக்கிறது. அதைக் கொண்டுபோய் எரிப்பார்களாம், ஒரு தாளில் எல்லாரும் நல்லவர்களாக இருக்க. அந்த மேசையிலேயே சொன்னேன். "நோய் இல்ல தொரை. அஞ்சு வாரம் உரம் வரல. ஒரே நாள்ல அஞ்சு டின் ஊத்துனது நான். ஊத்தச் சொன்னது இவர். வாராவாரம் ஊத்துனதா சார்ட்டுல கையெழுத்துப் போட்டதும் நான்தான். அஞ்சும் பொய்க் கையெழுத்து. அத எழுதுங்க."

யோகேந்திரன் எழுந்து, பொய் என்று கத்தினான். துரை ஆள் அனுப்பி ருக்குமணியைக் கூப்பிட்டார். அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்லப் போகிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "கிராணி சொன்னத நானும் கேட்டேன் தொரை. டின்ன அளந்து குடுத்தது நான்தான்" என்றாள். இரண்டு மாதமாக அவள் என் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் அதுதான். தன் கையும் அதில் இருந்தது என்று பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

யோகேந்திரனைக் கோலா தெர்லா பக்கம் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குக்கூடப் பதவி உயர்வு மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உரத்தை ஐந்து வாரம் அனுப்பாமல் விட்டவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் புது லெட்டர் ஒன்று வந்தது. சார்ட்டில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு எச்சரிக்கை, மூன்று மாதம் மலையில் புல் வெட்டும் வேலை. துரை பேனாவைக் கொடுக்கும்போது தயங்கினார். நான் வாங்கி, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது நான் செய்தது. அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுவேன்.

நீ எழுதினதைக் கேட்கவில்லை என்று கோபப்படாதே. ஆறு வருட வேலையைப் பற்றி எழுதினாய். எரிக்கப் போகிற கன்றைப் பற்றி உனக்குத் தெரியாது.

கன்றுகளை எரிக்கவில்லை. அக்டோபரில் ஏழாம் மலையில் நடுவதாகச் சொல்கிறார்கள். நர்சரி இப்போது ருக்குமணி பொறுப்பில் இருக்கிறது. நேற்றுப் புல் வெட்டி முடித்து இறங்கி வரும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் குழாயைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் பயந்த மாதிரி நின்றாள். ஊற்றினாயா என்று நான் கேட்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய், ஓரத்துப் பையில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அக்கா,
அம்சவல்லி